பிறந்த தேதியும் பேஸ்பாலும்

புதுச்சேரியில் இருபது வருடம் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதனாலோ என்னவோ, விளையாட்டுச் செய்தி படித்தாலும் கண் முதலில் வயதில்தான் போய் நிற்கும். தேங்காய்ப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு பேஸ்பால் பற்றி எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் என்றொரு ஊர். 1939-இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்கு ஏற்றபடி மைதானத்தைச் சுருக்கி, மூன்று அணிகளோடு அங்கே ‘லிட்டில் லீக்’ தொடங்கினார். 1947-இல் முதல் போட்டித் தொடர். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வரவர, உலகத் தொடர் என்ற பெயருக்கு அர்த்தம் வந்தது. பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒருவன் எறியும் பந்தை மற்றவன் உருண்டைக் கட்டையால் அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் ஓடிச் சுற்றி வர வேண்டும்.

1957-இல் மெக்சிகோவின் மான்டெரி நகரத்து ஏழைப் பையன்கள் எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஏஞ்சல் மாசியாஸ் என்ற 12 வயதுப் பையன் எறிந்த எறியில் எதிரணியில் ஒருவன்கூட முதல் மூலையைத் தொடவில்லை. 4–0. கோப்பை முதன்முறையாக அமெரிக்காவை விட்டு வெளியே போனது. அதன்பின் தைவான்காரர்கள் 1969 முதல் 1996 வரை 17 தடவை வென்றார்கள்.

இந்தப் போட்டியில் 12 வயதுக்காரனுக்கும் 14 வயதுக்காரனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் சர்டிபிகேட்தான் எல்லாம். 1992-இல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா அணி 15–4 என்று ஜெயித்தது. வயதும் வசிப்பிடமும் விதிப்படி இல்லை என்று பிற்பாடு தெரிந்து, கோப்பை லாங் பீச் அணிக்குப் போனது. 2001-இல் நியூயார்க் பிராங்க்ஸ் அணியின் பந்தெறியும் பையனை நாடே கொண்டாடியது. அவன் பிறந்தது 1989 அல்ல, 1987 என்று டொமினிக்கன் குடியரசின் பதிவேடு காட்டியது. ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்புப் பதிவு! அணியின் வெற்றிகள் அத்தனையும் ரத்து. அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை, தப்பு பெரியவர்களுடையது. எங்கள் ஆபீசில் ஒரு வருடம் தாண்டிய பிறப்பென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் பேனாவைத் தொட மாட்டோம். ஏன் இத்தனை கெடுபிடி என்று திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் பிறந்த மூன்றாம் நாளே என் அப்பா ‘மேரி’க்குப் போய் எழுதிவைத்தார். அந்தப் பிரெஞ்சு ‘அக்த் த நெசான்ஸ்’ இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான என் மச்சானுக்கு அப்படியில்லை. கோவில் ஞானஸ்நான ஏட்டில் ஒரு தேதி. பள்ளியில் சேர்க்க ஐந்து வயது ஆகவேண்டுமே என்று வாத்தியார் ஒன்றரை வருடம் கூட்டிப் போட்டது இன்னொரு தேதி. சர்வீஸில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் திருத்தக் கேட்க வேண்டும். அவருக்கு அது தெரிந்தபோது பதினோரு வருடம் ஓடியிருந்தது. ஒன்றரை வருடச் சம்பளம் போச்சு. அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

அதனால்தான் 2011 செய்தி எனக்கு உறுத்தியது. உகாண்டாவின் கம்பாலா பையன்கள் போலந்தில் சவுதி அணியை வென்று, ஆப்பிரிக்காவிலிருந்து தகுதி பெற்ற முதல் அணியானார்கள். பிறந்த தேதிகள் காகிதத்துக்குக் காகிதம் ஒத்துவரவில்லை என்று அமெரிக்கா விசா மறுத்துவிட்டது. தோற்ற சவுதி அணிதான் போனது. அந்தக் காகிதங்களில் எது பொய், எது வாத்தியார் போட்ட கணக்கு என்று இங்கிருந்து யார் சொல்ல முடியும்?

அவர்களோடு முதல் ஆட்டம் ஆடவேண்டியிருந்தது கனடாவின் லாங்லி அணி. 2012 ஜனவரியில் அந்தப் பையன்கள் விமானம் ஏறி உகாண்டாவுக்கே போய் விட்டுப்போன ஆட்டத்தை ஆடினார்கள். உகாண்டா 2–1 என்று ஜெயித்தது. அதே ஆகஸ்டில் லுகாசி என்ற வேறொரு உகாண்டா அணி வில்லியம்ஸ்போர்ட் மைதானத்தில் இறங்கியது.

மச்சானிடம் இதைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “பயலுவளுக்குக் களிக்கவாவது கெடச்சு இல்லியா?” என்றார்.