பெட்டிப்பாம்பு

நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த ஒருவன் திடீரென்று வாயை மூடிக்கொண்டால், "பெட்டிப்பாம்பா அடங்கிட்டான்" என்கிறோம். அடக்கத்தைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான உவமை தமிழில் குறைவு. ஆனால் இதைப் பாம்பின் பக்கம் நின்று கேட்டுப் பார்த்தால் வேறு கேள்வி வருகிறது. பெட்டிக்குள் போன பாம்பு ஏன் அடங்குகிறது?

பாம்பு தன் உடம்புக்குள் சூட்டைத் தயாரித்துக்கொள்ளும் பிராணி இல்லை. வெயிலுக்கு வந்து சூடேற்றிக்கொள்ளும், நிழலுக்குப் போய் ஆற்றிக்கொள்ளும். தின்றது செரிப்பது, நோயை எதிர்ப்பது, தசை வேகமாக இயங்குவது எல்லாம் இந்தப் போக்குவரத்தை நம்பித்தான். பெட்டிக்குள் அடைத்துவிட்டால் போக்குவரத்து நின்றுவிடும். அதன்பின் பெட்டியின் சூடு எதுவோ அதுதான் பாம்பின் சூடு. குளிர்ந்த பெட்டியில் சுருண்டு கிடக்கும் பாம்பு யாருக்கும் பணிந்துவிடவில்லை. அசைவதற்கு அதனிடம் சக்தி இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு நண்பன் காரணம். வீட்டிலிருந்தே வேலை என்றானதும் குன்னூருக்குக் குடிபோனவன். ஒருநாள் இரவு மெசேஜ் அனுப்பினான்: "மச்சான், கார்ன் ஸ்னேக் ஒண்ணு வளர்க்கலாம்னு இருக்கேன். எந்த மாதிரி பெட்டி வாங்கணும்?" கேள்வி சின்னதுதான். ஆனால் நீலகிரியில் இருந்துகொண்டு கேட்டதால் அது பெரிதாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் உயிரை அடைத்துக் கொண்டுவருவது அந்த மலைக்குப் புதிதில்லை.

*

நமக்குத் தெரிந்த முதல் பாம்புப்பெட்டி பாம்பாட்டியின் கூடை. தெருவில் வித்தை காட்ட அது சரியான வடிவம். லேசானது, வட்டமானது, மூடியைத் திறந்ததும் நல்ல பாம்பு எழுந்து படம் விரிக்கும். மகுடியின் இசைக்கு அது மயங்குவதில்லை, மகுடி அசைவதைத்தான் கண்ணால் பின்தொடர்கிறது. உள்ளே இருந்த பாம்புக்குப் பெரும்பாலும் பல் பிடுங்கியிருக்கும், சிலவற்றுக்கு வாயே தைத்திருக்கும். அந்தக் கூடையில் எல்லாம் பார்ப்பவருக்காக அமைந்தது. பாம்புக்கென்று எதுவும் இல்லை.

இன்று வீட்டு வரவேற்பறையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் வம்சாவளி வேறு. அது செடியிலிருந்து தொடங்குகிறது. 1829-ல் லண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலுக்குள் வைத்திருந்தார். புகை மண்டிய அந்த ஊரில் வெளியே வளர மறுத்த பெரணி, பாட்டிலுக்குள் தானாக முளைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி. மரச்சட்டம், கண்ணாடி, உள்ளேயே சுற்றிவரும் ஈரம். கப்பலின் மேல்தளத்தில் வைத்தால் உப்புக்காற்று படாமல் செடிகள் மாதக்கணக்கில் பிழைக்கும். ஒரு கண்டத்தின் பயிரை இன்னொரு கண்டத்துக்கு மாற்ற, பேரரசுக்கு இதைவிட வசதியான சாதனம் அதுவரை கிடைத்ததில்லை.

அந்தப் பெட்டிகள் 1860-ல் ஊட்டிக்கு வந்தன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரப்பட்டையில் இருந்தது. மரம் இருந்ததோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவில். கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவில் சேகரித்த செடிகள் வார்டியன் பெட்டிகளில் ஏறின. பனாமா, இங்கிலாந்து, எகிப்து, செங்கடல், பம்பாய் என்று சுற்றி நீலகிரிக்கு வந்து சேர்ந்தபோது அநேகமாக எல்லாமே செத்துக்கொண்டிருந்தன. குளிர்ந்த மலைச்செடிகள் செங்கடலின் வெக்கையைத் தாங்கவில்லை. பெட்டியில் கோளாறு இல்லை, ஈரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. சூடு மட்டும் தவறு. அடுத்த ஆண்டு ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் ஈக்வடாரில் சேகரித்த செடிகள் உயிரோடு வந்தன. ஊட்டி அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்கைவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

*

செடிக்குச் செய்த பெட்டி பாம்புக்கு மாற அதிக காலம் ஆகவில்லை. 1849-ல் லண்டன் மிருகக்காட்சி சாலை, ஊர்வனவற்றுக்கென்றே உலகின் முதல் காட்சியகத்தைத் திறந்தது. மூன்றே வருடத்தில், 1852-ல், அங்கே வேலை பார்த்த கிர்லிங் என்ற பராமரிப்பாளரை நாகம் முகத்தில் கடித்து, அவர் இறந்துபோனார். ஆகவே பெட்டி என்றால் மனிதனைப் பாம்பிடமிருந்து காப்பது என்ற எண்ணம் பலப்பட்டதில் ஆச்சரியமில்லை.

எண்ணத்தை மாற்றியவர் ஜோன் ப்ராக்டர். அதே மிருகக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவைக் கவனித்தவர். அவர் வடிவமைத்த புதிய கட்டடம் 1927-ல் திறந்தது. அதில் கட்டடம் முழுக்க ஒரே சூடு என்ற ஏற்பாடு கிடையாது. தேவைக்கேற்ப இடத்துக்கு இடம் மாறும் மின்சூடு, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் தனிவகைக் கண்ணாடி. வெயிலா நிழலா என்று பாம்பே முடிவு செய்துகொள்ளலாம். நான்கு வருடம் கழித்து, தன் 34-ஆவது வயதில் அவர் இறந்தார். இன்று பாம்பு வளர்ப்பவர்கள் "ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்" என்று மந்திரம்போலச் சொல்வதன் பின்னால் அந்தக் கட்டடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான நல்ல வடிவமைப்பு என்று நான் நினைப்பது இருளர்களின் மண்பானை. தோலுக்காகப் பாம்பு பிடிக்கும் தொழிலை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் முடித்துவைத்தன. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகர் முன்னின்று உதவ, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்கு அந்த விஷம் போகிறது. 2023-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பத்மஸ்ரீ பெற்றபோதுதான் நம்மில் பலருக்கு இந்த வேலையே தெரியவந்தது.

அங்கே பாம்புகள் இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் பருத்தித்துணி, சுற்றிக் கட்டிய கயிறு. பார்க்க ஏதோ பழைய காலத்துச் சமாளிப்பு மாதிரி இருக்கும். பொறியியல் படித்த கண்ணால் பாருங்கள். மண் சுவர் ஈரத்தை மெல்லக் கசியவிட்டு ஆவியாக்குகிறது, சென்னை வெயிலிலும் உள்ளே குளுமை. துணி வழியே காற்று. வெளிச்சம் குறைவு, ஆகவே பாம்புக்குப் பதற்றம் குறைவு. கண்ணாடி இல்லாததால் மூக்கை முட்டிக் காயப்படுத்திக்கொள்ளாது. சில வார விருந்தாளிக்கு இது போதும். இருபது வருடக் குடித்தனத்துக்குப் போதாது. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் இது எந்த ஊருக்கு, எத்தனை நாளுக்கு என்று முதலில் கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பானைதான்.

*

இனி நண்பனின் குன்னூர் வீட்டுக்கு வருவோம்.

கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. மக்காச்சோளக் கிடங்கில் எலி தேடி வரும் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வயிற்றின் கட்டங்கள் பலநிறச் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்றும் சொல்வதுண்டு. விஷமில்லை, சாது. மூன்றிலிருந்து ஐந்து அடி வளரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் வாழும். வாங்கும்போது ஷூ லேஸ் மாதிரி இருக்கும் குட்டிக்குச் சின்ன டப்பா போதும். பெரிதானால் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது நியாயமான அளவு. பாம்பு முழுசாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதுதான் கணக்கு.

அதற்குச் சூடான மூலையில் 28 முதல் 30 டிகிரி வேண்டும். மறு மூலையில் 22, 24. சென்னை என்றால் சூடாக்குவதைவிடக் குளிரவைப்பதுதான் தலைவலி. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் வீட்டுக்குள்ளேயே 14, 15 டிகிரி என்றால், பெட்டியின் ஒரு மூலையை 15 டிகிரி மேலே தூக்கி நிறுத்த வேண்டும். கடைகளில் அழகாக இருக்கும் முழுக்கண்ணாடி, மேலே வலைமூடி வைத்த பெட்டி இதற்கு ஆகாது. கண்ணாடி நாலு பக்கமும் சூட்டை விடும், மிச்சம் வலை வழியே போகும். அடியில் ஒட்டும் சூட்டுப் பாய் தரையைச் சூடாக்குமே தவிர காற்றைச் சூடாக்காது.

ஆகவே மலைக்கு மரப்பெட்டி. முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி, பூட்டோடு. பக்கவாட்டில் காற்றுத் துளைகள் வேண்டும், ஏனென்றால் மழைக்காலத்தில் நீலகிரியின் பிரச்சினை குளிர் மட்டுமில்லை, ஈரமும்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பாம்புக்கு நுரையீரல் தொற்று வரும், வயிற்றுச் செதில் அழுகும். உள்மரத்துக்கு ஈரம் ஏறாத பூச்சு அடித்து, வாடை முழுக்கப் போகும்வரை காயவிட வேண்டும். சூட்டுக்குப் பீங்கான் விளக்கு, பாம்பு தொட்டுச் சுட்டுக்கொள்ளாதபடி அதற்கு ஒரு கம்பிக்கூடு, கட்டாயம் தெர்மோஸ்டாட். இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஒளியிடம். ஒன்று மட்டும் வைத்தால் சூடா பாதுகாப்பா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும், குளிரிலேயே கிடக்கும். தரைக்கு மரத்தூள் போடலாம், ஆனால் சிடார் மாதிரி எண்ணெய் வாசம் அடிக்கும் மரம் கூடாது. அதே சந்தேகத்தில் நான் யூகலிப்டஸ் தூளையும் தொடமாட்டேன்.

கடைசியாக மின்சாரம். காற்று மழையில் கம்பியில் மரம் விழுந்தால் மலையில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சர்வருக்கு யூபிஎஸ் வைப்பவர்கள் பாம்புக்கும் யோசிக்க வேண்டும். எலி தின்ற இரவில் சூடு போனால், தின்றது செரிக்காமல் கக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அமைதியாகச் சுருண்டிருக்கும். பெட்டிப்பாம்பு.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "டேய், இது பெட்டியா டேட்டா சென்டரா?" என்றான். இரண்டுக்கும் நடுவில்தான்.

*

பூட்டு என்று சொன்னேனே, அதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கார்ன் ஸ்னேக் சின்ன இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும். கரீபியன் கடலின் கிராண்ட் கேமன் தீவுக்கு அலங்காரச் செடிகளோடு போய்ச் சேர்ந்து, அங்கேயே காலூன்றிவிட்டது. குளிர்காலத்தைப் பழகிய பாம்பு என்பதால், மலைக்குளிர் அதைக் கொன்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது.

நீலகிரி இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1830-களில் வந்த சீகை மரமும் 1843-ல் வந்த யூகலிப்டஸும் விறகுக்காக வந்தவை. சீகை யாரும் நடாத இடத்திலும் பரவியது. புல்வெளி எவ்வளவு போனது என்று மலைக்காரர்களைக் கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். இன்னொரு உயிர் தப்பித்துப் போக, அங்கே காலியிடம் இல்லை.

அங்கே இருக்கும் பாம்புகளும் லேசுப்பட்டவை இல்லை. கேடயவால் பாம்பு என்று ஒரு குடும்பம், தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் உண்டு. ஊட்டித் தோட்டத்தில் மண் கிளறும்போது வெளியே வரும் ஒன்றுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் செடி சேகரித்த பெரோத்தே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். மண்புழு தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். கார்ல் கான்ஸும் கூட்டாளிகளும் 1978-ல் இவற்றின் தசையை ஆராய்ந்து, முன்னுடம்பு ரயில் இன்ஜின் மாதிரி மண்ணைத் துளைக்க, பின்னுடம்பு பெட்டிகள் மாதிரி இழுபட்டு வருவதாக எழுதினார்கள். நம் ஊர்ப் பேராசிரியர் எம்.வி. ராஜேந்திரனின் கேடயவால் ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985-ல் வெளியிட்டது. கொல்லிமலையில் கண்ட ஒரு புது இனத்துக்கு 2020-ல் அவர் பெயரை வைத்தார்கள். இந்தப் பாம்புகளுக்குச் சோலையின் ஈரமண்தான் பெட்டி. நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது, அது நல்லதுதான்.

வெளிநாட்டுப் பாம்புக்கும் பெட்டிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் சாமான்களில், டப்பாக்களில் அடைத்த 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சுங்கத்துறை பிடித்தது. மார்க்கமின் செடிகளாவது மேல்தளத்தில் வெளிச்சம் பார்த்தன. இவை விமானத்தின் சரக்குப் பகுதியில், துணிமணிக்கு நடுவில் வந்தன. பிழைத்தவை யாரோ ஒருவரின் வரவேற்பறைக்குப் போயிருக்கும். அங்கே அவர் நாலடிப் பெட்டி வாங்கி, தெர்மோஸ்டாட் வைத்து, எல்லாம் சரியாகச் செய்திருக்கலாம். அந்தப் பாம்பு இருந்த முதல் பெட்டி அந்த டப்பாதான் என்பது மாறாது.

அதனால் நண்பனுக்கு அனுப்பிய பட்டியலில் அளவுக்கும் சூட்டுக்கும் மேலே மூன்று வரி சேர்த்தேன். எங்கே பிறந்த பாம்பு, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது? பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எத்தனை மணிநேரத் தூரத்தில் இருக்கிறார்? இருபது வருடம் கழித்து நீ எந்த ஊரில் இருப்பாய்? மூன்றுக்கும் பதில் வந்தால் தச்சரைக் கூப்பிடலாம். இதுவரை இரண்டாவதுக்கு மட்டும் பதில் அனுப்பியிருக்கிறான். மலையிறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டுமாம்.