பாவை மன்றத்தின் கண்ணீர்

பூம்புகாருக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்கள் பெரும்பாலும் காவிரி கடலில் கலக்கிற இடத்தில் கால் நனைப்பார்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதையைக் கல்லில் பார்ப்பார்கள். அப்புறம் பஸ் பிடித்து விடுவார்கள். அந்தப் பழைய புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாக இளங்கோவடிகள் சொல்கிறாரே, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவற்றில் ஒன்றுதான் பாவை மன்றம்.

பொது இடத்தில் ஒரு சிலை. அரசனின் செங்கோல் வளைந்தாலும் சரி, நீதி சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும் சரி, அந்தப் பாவை வாயைத் திறக்காது. நின்ற இடத்தில் நின்றபடி கண்ணீர் விடும். அவ்வளவுதான்!

யோசித்துப் பாருங்கள். கல்லெறி இல்லை, கூச்சல் இல்லை, சாபம் இல்லை. ஊரார் கண்ணெதிரே நின்று ஒரு பாவை அழுகிறது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இன்றைக்கு 'அறவழிப் போராட்டம்' என்கிறோமே, அது வேறென்ன?

அப்படியொரு ஊரில் பிறந்த கோவலன், பாவை இல்லாத மதுரைக்குப் போய் மாட்டிக்கொண்டான். கதை உங்களுக்குத் தெரியும். ஆனால், அந்தத் தண்டனை நிறைவேறிய விதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புகார் சொன்னவன் பொற்கொல்லன். உண்மையில் சிலம்பைத் திருடியவனும் அவனே. ராஜா அவசரத்தில் இருக்கிறார். அவன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்கிறார். விசாரணை கிடையாது. போன காவலர்களுக்கே, 'இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே' என்று சந்தேகம் வருகிறது. அதற்குள் குடிபோதையில் இருந்த, படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அதற்குப் பிறகுதான் கண்ணகி வருகிறாள். சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இதிலோ மாணிக்கம். அசைக்க முடியாத சாட்சி! ராஜாவே தப்பை ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறார். ஆனால், என்ன பிரயோசனம்? சாட்சி வந்தபோது கோவலன் இல்லை.

மரண தண்டனையில் உள்ள சிக்கலே இதுதான். சாட்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம். போன உயிர் வராது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியும், அவரோடு பல அப்பாவிகளும், பணியில் இருந்த போலீஸாரும் குண்டுவெடிப்பில் பலியானார்கள். அடுத்த மாதம் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். வயது 19. இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒரே தீர்ப்பில் 26 பேர்! பழ.நெடுமாறன் தலைமையில் அவர்களைக் காக்க ஓர் இயக்கமே எழுந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. அந்த நால்வரில் நளினியின் தண்டனை 2000-ல் ஆயுளாகக் குறைந்தது. மிச்சம் மூவர்: பேரறிவாளன், முருகன், சாந்தன்.

அவர்களின் கருணை மனு 11 வருடம் டெல்லியில் கிடந்தது. 2011 ஆகஸ்டில் ஜனாதிபதி அதை நிராகரித்தார். செப்டம்பர் 9 அன்று வேலூர் சிறையில் தூக்கு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அப்புறம் தமிழ்நாட்டில் நடந்ததுதான் அபூர்வம். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரையே விட்டாள். தாங்க முடியாத இழப்பு அது. ஓர் உயிரைக் காப்பாற்ற இன்னோர் உயிர் போகக் கூடாது என்று தலைவர்களே மன்றாட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்கு எட்டு வாரம் தடை விதித்தது. அதே நாளில், தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் அம்மா. பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாள். கையில் ஒரு பை, அதில் வழக்குக் காகிதங்கள். கூட்டம் கூட்டமாக, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கண்ணகியைப் போல நகரத்தை எரிக்கிற நெருப்பு அவரிடம் இல்லை. புகார்ப் பாவையைப் போலக் கண்ணீர் இருந்தது. கூடவே தளராத கால்களும் இருந்தன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2013 நவம்பரில், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பின் ஓர் உண்மையைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை, தான் எழுதாமல் விட்டுவிட்டதாக! மாணிக்கப் பரல் மறுபடியும் தாமதமாகத்தான் வந்தது. ஆனால், இந்த முறை அதைக் கேட்கப் பேரறிவாளன் உயிரோடு இருந்தார். 2011-ல் அந்தத் தேதி தள்ளிப் போகாமல் இருந்திருந்தால்..?

2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ரத்து செய்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். கவனியுங்கள், அவர் நிரபராதி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மற்ற ஆறு பேரும் அதே வருடம் நவம்பரில் விடுதலை பெற்றார்கள். அவர்களில் சாந்தன் மட்டும் இலங்கையில் காத்திருந்த தாயிடம் போய்ச் சேராமலே 2024 பிப்ரவரியில் சென்னையில் இறந்துபோனார்.

'செத்துப்போனவர்களுக்கும் அம்மா, மனைவி, பிள்ளைகள் இருந்தார்களே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களின் துக்கத்துக்கு யாரும் விலை சொல்ல முடியாது. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. திருத்தவே முடியாத தண்டனை வேண்டாம் என்பதுதான் வாதம்.

ரோம் நகரத்தில் கொலோசியம் இருக்கிறது, தெரியுமல்லவா? ஒரு காலத்தில் மனிதர்களைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்த இடம். 1999 இறுதியிலிருந்து, உலகில் எங்காவது ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தால், அந்தக் கட்டடத்தில் விளக்கேற்றிக் கொண்டாடுகிறார்கள். அங்கே கல் ஒளிர்கிறது. புகாரில் கல் அழுதது. இரண்டும் பேசாமல் பேசியவைதான்.

நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் தூக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த முறை பூம்புகார் போனால், கடலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பாவை நின்றதாகச் சொல்லப்படும் ஊர் அது. இரண்டு நிமிஷம் நின்று, அவள் எதற்கெல்லாம் அழுதிருப்பாள் என்று யோசித்துவிட்டு வாருங்கள்.