தோளிலிருந்து இடுப்புக்கு: ஒரு பட்டையின் வரலாறு

மலையேற்றத்துக்குச் செல்வோரின் முதுகுப்பையில் இரண்டு தோள்வார்கள் தவிர இன்னொரு பட்டையும் இருப்பதை நாம் பார்த்திருப்போம். பையின் அடியிலிருந்து இருபுறமும் புறப்பட்டு, இடுப்பை வளைத்து, வயிற்றின் முன்னே கொக்கியில் பூட்டிக்கொள்ளும் பட்டை அது. அகலமானது, உள்ளே நுரைப்பஞ்சு வைத்துத் தைத்தது. நடக்கும்போது பை ஆடாமல் இருக்கக் கட்டுவது என்று முதற்பார்வையில் தோன்றும். அதன் வேலை அதைவிடப் பெரிது. பையின் எடையில் ஒரு பங்கைத் தோள்களிலிருந்து பிரித்து இடுப்பெலும்பின் மீது ஏற்றிவைப்பதே அதன் தொழில். அற்பமாகத் தெரிகிற இந்த மாற்றத்துக்கு மனிதர்கள் வந்து சேர்ந்த வழி நெடியது. அந்த வழியில் யாருடைய வலி கேட்கப்பட்டது, யாருடைய வலி கேட்கப்படவில்லை என்ற கேள்வியும் உடன் வருகிறது.

முதலில் உடலைப் பார்ப்போம். தோள் சுமப்பதற்கு வசதியான இடம்போல் தோன்றினாலும் அங்கே ஓர் இடர் உண்டு. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை காறை எலும்பின் கீழாகச் செல்கிறது. கனத்த பையின் வார் அதை மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும். சிலருக்குத் தோளை உயர்த்தவே இயலாமற் போகும். நெடுந்தூரம் மூட்டை சுமக்கும் படைவீரர்களிடையே இது ஒரு தனி நோயாகவே இராணுவ மருத்துவர்களால் இனங்காணப்பட்டது. மேலும், தோளில் வைத்த எடை முழுவதும் முதுகெலும்பின் வழியாகவே கீழே இறங்கியாக வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்போ இயற்கை அமைத்த ஒரு திண்ணை. அங்கே வைத்த எடை முதுகைத் தொடாமல் நேரே கால்களுக்குப் போய்விடுகிறது. இடுப்பில் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்ட பெண்களுக்கு இந்தத் திண்ணை புதிதன்று.

ஆனால் துணிப்பையின் எடையை இடுப்புக்குக் கடத்த ஒரு விறைப்பான எலும்புக்கூடு வேண்டும். வெறும் பை தொங்கத்தான் செய்யும், தாங்காது. எனவே பட்டையின் வரலாறு சட்டத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. 1991இல் ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட ‘ஓட்சி’ என்னும் மனிதர் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் உடலுக்கு அருகே வளைத்த ஹேசல் மரக்கழி ஒன்றும் லார்ச் மரப்பலகைகளும் கிடைத்தன. அவை சுமைச்சட்டம் ஒன்றின் பகுதிகள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அப்படியானால் சட்டம் என்ற எண்ணத்தின் வயது ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

புதுக்காலத்தில் அதை மீட்டெடுத்தவர்களுள் நார்வே நாட்டு ஓலே பெர்கன் முக்கியமானவர். 1908இல் வேட்டைக்குப் போனவர், பையின் உறுத்தல் தாளாமல் ஜூனிபர் மரக்கிளை ஒன்றைத் தம் முதுகின் வடிவுக்கு வளைத்துப் பையில் பொருத்தினார். 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் லாய்ட் நெல்சன் கதையும் இதைப் போன்றதே. 1920இல் அலாஸ்காவில் பயணம் செய்த அவர், பழங்குடி மனிதர் ஒருவரிடமிருந்து கழிகளின்மீது கடல்நாய்த் தோல் இழுத்துக் கட்டிய சுமைச்சட்டத்தை இரவல் வாங்கிச் சுமந்தார். அதைத் திருத்திச் செய்த பலகை பிற்பாடு ‘டிராப்பர் நெல்சன்’ என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றது. நெல்சனின் பெயர் பொருளின் மீதே நின்றது. இரவல் கொடுத்தவரின் பெயர் நிற்கவில்லை.

எடையை இடுப்புக்கு இறக்கலாம் என்ற எண்ணம் இராணுவத்தில் முன்பே தோன்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இராணுவ அதிகாரி ஹென்றி மெரியம், இரு கோல்களின் வழியாகச் சுமையை இடுப்பருகே தாங்கச் செய்யும் ஒரு பையை வடிவமைத்தார். அது நிலைபெறவில்லை. அந்த எண்ணம் வேர்பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதை வேர்பிடிக்கச் செய்தவர் கலிஃபோர்னியாவின் டிக் கெல்ட்டி. தச்சு வேலையும் கட்டட வேலையும் தெரிந்தவர். சியரா நெவாடா மலைகளில் நடப்பதில் ஆர்வமுடையவர். மரச்சட்டப் பை ஒன்றைச் சுமந்து நடந்த ஒரு நாளில், சட்டத்தின் கீழ்முனைகளைத் தம் ஜீன்ஸின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தாராம். தோள்கள் சட்டென்று இலேசாயின. கால்சட்டைப் பையே இடுப்புப் பட்டையின் முதல் வடிவமாயிற்று எனலாம். 1952இல் கிளெண்டேல் நகரில் தம் வீட்டிலேயே அலுமினியக் குழாய்களால் சட்டங்கள் செய்து விற்கத் தொடங்கினார். அவர் உலோகத்தை வளைத்துப் பற்றவைத்தார். அவர் மனைவி நீனா பைகளைத் தைத்தார். முதல் ஆண்டில் விற்றவை 29. ஒன்றின் விலை 24 டாலர். உலோகச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உடலைத் தொடும் பகுதி அனைத்தும் தைத்த பகுதிதான் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

தொடக்ககால இடுப்பு வார்கள் குறுகலானவை. எடை இடுப்புக்கு இறங்கியது. ஆனால் குறுகிய வார் எலும்பின் விளிம்பை அறுத்தது. வலி தோளிலிருந்து இடம்பெயர்ந்ததே தவிர நீங்கவில்லை. இங்கேதான் மெத்தையின் பங்கு வருகிறது. ஒரே எடையை அகன்ற பரப்பில் பரப்பினால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் குறையும். தலைச்சுமைக்குச் சும்மாடு சுருட்டி வைப்பவர்கள் கணக்கெழுதாமலே அறிந்த உண்மை இது. ஆனால் மெத்தை மிக மென்மையாக இருந்தால் சுமையின் கீழ் நசுங்கித் தட்டையாகிவிடும். மிகக் கடினமாக இருந்தால் எலும்பின் வளைவோடு பொருந்தாது. ஆகவே உடலை ஒட்டி மென்மையான நுரையும், அதற்கு வெளியே விறைப்பான அடுக்கும் வைத்துத் தைக்கும் முறை உருவாயிற்று. மனித இடுப்பு நேரான உருளையன்று, மேலும் கீழும் அகலம் மாறுவது என்பதால் பட்டையும் சற்றே சாய்வாக வெட்டப்பட்டது. 1967இல் கிரெக் லோ, சட்டத்தைப் பையின் உள்ளேயே மறைத்துவைக்கும் பையை உருவாக்கிய பின் பட்டையின் பொறுப்பு இன்னும் கூடியது. உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் எடையை இறக்கிவைக்க வேண்டிய இடம் அந்தப் பட்டைதான்.

பட்டை எவ்வளவு எடையைத் தாங்குகிறது? பெரும்பகுதி, எண்பது விழுக்காடு என்றெல்லாம் சொல்வது வழக்கம். அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட அளவீடு அத்தனை தாராளமாக இல்லை. இடுப்புப் பட்டையும் வெளிச்சட்டமும் கொண்ட பையைச் சுமந்து நடந்தவர்களிடம், செங்குத்து விசையில் ஏறத்தாழ 30 விழுக்காடே கீழ்முதுகுப் பகுதியில் இறங்கியது. எஞ்சியது மேலுடலின் மீதே இருந்தது. விளம்பரத்துக்கும் உடலுக்கும் உள்ள தூரம் இது. எனினும் நாள் முழுதும் நடப்பவருக்கு முப்பது விழுக்காடு சிறிய நிம்மதியன்று.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1963இல் எவரெஸ்ட் ஏறிய முதல் அமெரிக்கக் குழுவினர் கெல்ட்டியின் பைகளைச் சுமந்தனர். அந்த ஆண்டு மே 1ஆம் நாள் ஜிம் விட்டேக்கரும் ஷெர்ப்பா நவாங் கோம்புவும் உச்சியைத் தொட்டனர். அதே குழுவின் பொருள்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுசேர்த்த கூலிச் சுமையாளர்கள் ஏறத்தாழ 900 பேர். நேபாளச் சுமையாளரின் கருவி வேறு. ‘நாம்லோ’ என்னும் பட்டையை நெற்றியின் மேற்புறம் கொடுத்து, முதுகில் மூங்கில் கூடையோ மூட்டையோ தொங்கவிட்டு நடப்பார்கள். கையில் ‘தோக்மா’ என்னும் குட்டையான ஊன்றுகோல் இருக்கும். களைத்த இடத்தில் சுமையை அதன் தலையில் நிறுத்தி நின்றபடியே மூச்சு வாங்குவார்கள். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைக் கூடவே எடுத்துச் செல்வது போன்றது அது.

இவர்களைப் பின்தங்கியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, நேபாள ஆண் சுமையாளர்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமப்பதாகக் கணக்கிட்டது. கனத்த சுமைகளில், முதுகுப்பை சுமக்கும் மேலைநாட்டாரைவிட இவர்கள் குறைந்த ஆற்றலையே செலவிட்டனர் என்றும் அது கண்டது. ஆனால் செலவழியும் ஆற்றல் வேறு, கழுத்து அனுபவிக்கும் வலி வேறு. முன்னதை மூச்சிலிருந்து அளந்துவிடலாம். பின்னதை ஒருவர் சொன்னால்தான் தெரியும். சொன்னாலும் கேட்க ஆள் வேண்டும்.

பெர்கன், நெல்சன், கெல்ட்டி மூவருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. மூவரும் தம் சுமையைத் தாமே சுமந்தவர்கள். தம் வலியைத் தாமே கேட்டவர்கள். கேட்டபின் கிளையை வளைக்கவும் குழாயைப் பற்றவைக்கவும் வசதியும் ஓய்வும் வாய்த்தவர்கள். மெத்தையிட்ட பட்டை அந்தச் சேர்க்கையில் பிறந்தது. பிறர் சுமையைக் கூலிக்குச் சுமப்பவருக்கு எதைச் சுமப்பது, எவ்வளவு சுமப்பது என்பதே தம் கையில் இல்லாதபோது, எப்படிச் சுமப்பது என்ற ஆராய்ச்சிக்கு இடம் ஏது? இடுப்பில் பட்டையைப் பூட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடக்கையில், எதிரே நெற்றிப்பட்டையோடு ஒருவர் ஏறிவந்தால், வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் நாமே.