கறுப்புக் கம்பளி நடந்த வழி

கர்நாடகத்தின் கறுப்புக் கம்பளி தக்காணி ஆட்டின் முதுகில் பிறக்கிறது. தொட்டால் குத்தும். கத்தரித்த மயிரைப் பெண்கள் நூற்பார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றிக் குழித்தறியில் நெய்வார்கள். நெசவு இறுகிப்போய் மழைத்தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. தலைக்குமேல் கொங்காடையாக மடித்துப் போட்டுக்கொண்டால் மேய்ப்பவருக்குக் குடை. இரவில் அதுவே பாய், அதுவே போர்வை.

மேய்ப்பவர்களும் நெய்பவர்களும் பெரும்பாலும் குருபர்கள். கலியாணத்தில் கட்டும் காப்புக்கயிறு பருத்தியா, கம்பளி நூலா என்பதை வைத்தே அவர்களுக்குள் ஹத்தி கங்கணம், உண்ணெ கங்கணம் என்று பிரிவுகள் உண்டு. ஓர் இழை நூலில் இனம் தன் எல்லையை எழுதி வைத்திருக்கிறது.

அந்த இழையோடு அவர்கள் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். நம் கீதாரிகள் தஞ்சை வயல்களில் கிடை கட்டுவதுபோல, அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுகளை அமர்த்துவார்கள். ஆட்டுக்குத் தாள், நிலத்துக்குப் புழுக்கை, மேய்ப்பவருக்குத் தானியம். இந்தக் கணக்கு ஓடியவரை, ‘குருபர் வந்துவிட்டார்களா?’ என்று ஊர் கேட்டது. ஆழ்துளைக் கிணறு இறங்கிக் கரும்பு ஏறியபின் வயல் காலியாவதே குறைந்துவிட்டது. எருவுக்குப் பதில் உரமூட்டை வந்துவிட்டது. அதன்பின் வரப்பில் ஓர் ஆடு வாய்வைத்தால் அதே சாதிப்பெயர் வசவாகிறது.

இதைச் சாதிச்சண்டை என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. குருபர்களில் நிலமுள்ள விவசாயிகள் ஏராளம். விரட்டுபவரும் சில ஊர்களில் குருபராகவே இருக்கலாம். சண்டை புல்லுக்கும் தண்ணீருக்கும்தான். ஆனால் யார் அடிவாங்குவார், யாருக்குச் சாட்சி சொல்ல ஆளிருக்காது என்பதில் பிறப்பும் ஊரும் குறுக்கே வருகின்றன. சொந்தத் தாலுகாவை விட்டு நடந்து வந்தவருக்கு அங்கே யாரும் இல்லை. நைஜீரியாவிலும் இதேதான். ஃபுலானி மேய்ப்பர்களும் உழவர்களும் தாளுக்கு எரு என்று ஒத்துப்போன காலம் அங்கேயும் இருந்தது. நிலம் சுருங்கியபின் இனமும் மதமும் துப்பாக்கி ஏந்தின.

புல் எங்கே போனது? மைசூர் மன்னர்கள் மாடுகளுக்கென ஒதுக்கிய மேய்ச்சல் நிலங்கள் ‘காவல்’கள். சிக்கதேவராயர் காலத்தில் ‘பெண்ணெ (வெண்ணெய்) சாவடி’யாக இருந்த மாட்டுத்துறைக்குத் திப்பு சுல்தான் ‘அம்ருத் மஹால்’ என்று பெயரிட்டார். பெங்களூருவில் ‘காவல்’ என்ற சொல் வையாலிகாவல், காவல் பைரசந்திரா என்று பேருந்துப் பலகையில் மிச்சமிருக்கிறது. சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயில் காவல் காவலாகவே இருந்தது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் சுமார் 10,000 ஏக்கர் இஸ்ரோ, டிஆர்டிஓ, பாபா அணு ஆராய்ச்சி மையம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் போனது. சள்ளகெரே கம்பளிக்குப் பெயர்போன ஊர். மேய்ச்சல் நிலத்தில் சுவர் எழுந்தால் தறியும் முடங்கும். ஒதுக்கியவர்கள் அந்த நூலைப் பிடித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2021 ஜனவரியில் கம்பளி பெங்களூருவுக்கே நடந்து வந்தது. பக்திக்கவி கனகதாசரின் ஊரான காகினெலேயிலிருந்து, பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்கக் கேட்டுக் குருபர்கள் பாதயாத்திரை வந்தார்கள். பிப்ரவரியில் நகரின் ஓரத்தில் பெருங்கூட்டம் கூடியது. மேய்ச்சலில் இழந்ததை ஒதுக்கீட்டில் தேடுவதாகவே நான் அதைப் படித்தேன்.

2025 ஆகஸ்டில் கர்நாடகச் சட்டமன்றம், இடம்பெயரும் பாரம்பரிய மேய்ப்பர்களை வன்கொடுமையிலிருந்து காக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ‘வன்கொடுமை’ என்ற சொல், தலித், பழங்குடி மக்களுக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல். ஆடு மேய்க்கும் ஒருவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. அடித்தவரைத் தண்டிக்க இனி வழி இருக்கும். கிடை போட வயல் எங்கிருந்து வரும்?

பெங்களூரு மேடைகளில் இன்றும் தலைவர்களின் தோளில் கறுப்புக் கம்பளி போர்த்துகிறார்கள். ஊரிலோ மயிருக்கு விலையில்லை. பலர் கறிக்காகக் கம்பளியில்லாத ஆடுகளுக்கு மாறிவிட்டார்கள். மாறாதவர்கள் வெயிலுக்காக ஆட்டை மழித்துவிட்டு, மயிரை அங்கேயே கொட்டிவிட்டு நடக்கிறார்கள்.