சண்டைச் சேவலின் பேரப்பிள்ளைகள்



பசாரில் கூண்டுக்குள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பிராய்லரை "வெள்ளைக்காரன் கோழி" என்கிறோம். அது பாதிதான் சரி. அதன் வம்சத்தைத் தேடிப் போனால் நம் பக்கத்துச் சேவல்கள் முன்னால் வந்து நிற்கின்றன!

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சேவற்கட்டுக்கென்றே வளர்த்த இனம் அசில். அகன்ற மார்பு, முறுக்கேறிய உடம்பு. மலாய் என்றே பெயர் பெற்ற இன்னொரு நெட்டைச் சேவல், 1830ஆம் ஆண்டுவாக்கில் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. (நம் போர்ட் கிள்ளான் துறைமுகம் திறந்ததே 1901இல்; ஆகவே அதற்கு இதில் பங்கில்லை.) இவ்விரண்டையும் உள்ளூர்ச் சண்டைச் சேவலோடு கார்ன்வால் பகுதியில் கலந்தார்கள். பிறந்த கோழி சண்டைக்கு லாயக்கில்லை. ஆனால் மார்பு நிறையச் சதை! 'இந்தியன் கேம்' என்ற அந்தக் கோழிக்கு அமெரிக்காவில் 'கார்னிஷ்' என்று பெயர்.

1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்றொரு போட்டி நடந்தது. கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்த கோழி வென்றது. அதன்பின் தலைமுறைதோறும் வேகமாக வளர்ந்தவற்றையே தாய் தந்தையாகப் பொறுக்கினார்கள். இதன் விளைவு என்ன? 1957, 1978, 2005ஆம் ஆண்டு இனங்களைக் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் எடை முறையே 905, 1,808, 4,202 கிராம். "எல்லாம் ஊசி போட்டு ஊத வச்சதுங்க" என்று காப்பிக்கடையில் பேசுவது தவறு. பொறுக்கியெடுத்ததன் பலன்தான் அது.

என் பாட்டியும் லயத்து வாசலில் இதே வேலையைத்தான் செய்தார். அடைவைக்கும் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். விற்பதற்கு ஆள் வந்தால், "அந்தப் பொட்டய மட்டும் தர மாட்டேன். பருந்து வந்தா பறந்து அடிக்கும், பத்துக் குஞ்சையும் கொண்டாந்து சேர்க்கும்" என்பார். பாட்டி தேடியது தாய்க்குணம்; கம்பெனி தேடியது எடை. எதைப் பொறுக்குகிறோமோ அதுதானே வம்சத்தில் நிற்கும்!

எடைக்கு ஒரு விலை உண்டு. பிராய்லரின் தாய்க்கோழிக்கு வயிறாரத் தீனி போட்டால் உடல் பெருத்து முட்டை குறையும். ஆகவே அதை அரைவயிற்றில் வைத்திருக்கிறார்கள். பிராய்லரோ பல வரிசைகளின் கலப்பு. அதன் முட்டையை அடைவைத்தால் அதே கோழி வராது. ஆகவே பாட்டன் தலைமுறைக் கோழிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. தீனிக்கான சோளமும் சோயாவும் கப்பலில்தான் வருகின்றன.

2022இல் தீனி விலை ஏறியது, கோழிக்குத் தட்டுப்பாடு. ஜூன் முதல் தேதி மலேசிய அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். இரண்டு வாரத்தில் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்போது முதலில் எல்லை தாண்டியவை எவை தெரியுமா? கருங்கோழியும், நம் கம்பத்துக் கோழியும்!