சாரதி என்றொரு பட்டம்

1989ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், பிரித்தானியச் சுகாதார அமைச்சராக இருந்த கென்னத் கிளார்க், சம்பள உயர்வு கேட்டுப் போராடிய அம்புலன்ஸ் ஊழியர்களைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் தொழில்முறைச் சாரதிகள்தாம் என்பது அதன் சாரம். பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்குச் சாரதி என்பது சின்னச் சொல் அல்ல. தேரோட்டியவன்தானே கீதை சொன்னான். கிளார்க் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. பொலிசுக்கும் தீயணைப்புப் படைக்கும் உள்ளதுபோல ஆண்டுதோறும் சம்பளத்தை நிர்ணயிக்கும் ஒரு சூத்திரம் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, நீங்கள் அந்த வரிசையில் நிற்கக்கூடியவர்கள் அல்ல என்று சொல்லும் சுருக்கவழி அது.

அவருடைய சொல்லுக்கு வரலாற்றில் ஓரளவு ஆதாரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் குதிரை அம்புலன்ஸ்கள் ஓடியது முக்கியமாக அம்மை போன்ற தொற்றுநோயாளரை ஊருக்கு வெளியே கொண்டுபோவதற்கு. காப்பாற்றுவதைவிட அகற்றுவதுதான் அவற்றின் வேலை. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது அம்புலன்ஸ் இலவசமானது. ஆனால் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் இருந்தது. 1965இல் லண்டனையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த ஒன்பது சேவைகளை இணைத்து லண்டன் அம்புலன்ஸ் சேவை உருவானது. 1966-67இல் வெளிவந்த மில்லர் அறிக்கைதான் அம்புலன்ஸ் ஊழியருக்கு நாடு முழுவதும் ஒரே வகையான பயிற்சி வேண்டும் என்று எழுதி வைத்தது. அதற்கு முன் முதலுதவிச் சான்றிதழும் வாகனம் ஓட்டும் திறமையும் இருந்தால் பல இடங்களில் போதுமாக இருந்தது.

இந்தத் துறையில் நடந்த ஒவ்வொரு நகர்வுக்கும் யாரோ ஒருவரின் பிடிவாதம் காரணமாக இருந்திருக்கிறது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வைத்தியரின் வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். தொலைபேசியில் உதவி கேட்ட அயலவர் ஒருவர், இணைப்பகத்தில் வரிசையில் காக்கவைக்கப்பட்டார். ஆத்திரத்தில் அவர் 'த ரைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணை வந்தது, 1937 ஜூன் 30இல் 999 என்ற இலக்கம் லண்டனில் அறிமுகமானது. நாம் குழந்தைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் ஆங்கில இலக்கம் ஒரு கோபக் கடிதத்தின் பிள்ளை.

அடுத்த பிடிவாதம் பெல்ஃபாஸ்டில். இதயம் நின்றவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கு வருமுன்னரே இறக்கிறார்கள் என்பதைக் கண்ட ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற வைத்தியர், 1966இல் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை வாகனத்தில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனார். கருவி எழுபது கிலோ. வண்டி மின்கலங்களில் இயங்கியது. ஆனால் அந்த வண்டியில் வைத்தியரும் போனார். வைத்தியர் இல்லாமலே அம்புலன்ஸ் ஊழியர் இதைச் செய்யலாம் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் பிரைட்டனில் செய்து காட்டியவர் டக்ளஸ் சேம்பர்லின். ஒரு தொழில் பிறந்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். கருவி ஏற்றியதை விட, அதைத் தொடும் உரிமையை இன்னொருவர் கையில் கொடுத்ததே பெரிய காரியம்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. அதுவரை அந்நகரில் நோயாளிகளைப் பொலிஸ் வண்டிகள்தான் ஏற்றிச் சென்றன. ஹில் பகுதியின் வேலையற்ற கறுப்பின இளைஞர்களுக்கு பீட்டர் சாஃபர் என்ற வைத்தியரின் திட்டப்படி மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். அந்த நாட்டின் மிகத் தேர்ந்த குழுக்களில் ஒன்றாக அது ஆனது. 1975இல் நகரசபை சேவையைத் தன் கையில் எடுத்தபோது அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். தொழில் மதிப்புப் பெறும் வேளையில் அதை உருவாக்கியவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பது புதிய கதை அல்ல.

லண்டனுக்கு வருவோம். 1989 செப்டெம்பரில் மேலதிக நேர வேலை மறுப்புடன் தொடங்கிய போராட்டம் ஆறு மாதம் நீடித்தது. நவம்பரில் லண்டனில் பொலிஸ் வண்டிகளும் இராணுவ அம்புலன்ஸ்களும் நோயாளரை ஏற்றின. நான் அப்போது ரூட்டிங்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நாடு விட்டு வந்து மூன்று வருடம். சுரங்க ரயில் நிலைய வாசலில் பச்சை மேலங்கியோடு வாளி பிடித்து நின்றவர்களுக்குச் சனங்கள் சில்லறை போட்டபடி போனார்கள். இராணுவ வண்டி தெருவில் போனால் உடல் விறைக்கும் பழக்கம் எனக்கு அப்போதும் விட்டிருக்கவில்லை. அதே இராணுவ வண்டியில் கிழவிகளை மெதுவாக ஏற்றுவதைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது.

தொழிற்சங்கங்களின் சார்பில் பேசிய ரோஜர் பூல் கூச்சல் போடாதவர். தொலைக்காட்சியில் அவர் அமைதியாகப் பேசப் பேச, பொதுமக்கள் ஊழியர் பக்கம் சாய்ந்தார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் மனு பாராளுமன்றம் போனது. 1990இன் தொடக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 17.6 சதவீதம் என்று உடன்பாடு வந்தது. கேட்ட சூத்திரம் கிடைக்கவில்லை. பணத்தில் வென்று கொள்கையில் தோற்றார்கள் என்பதே என் கணக்கு. தொழிற்சங்க நண்பர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

அந்தப் போராட்டம் விட்டுச்சென்ற கசப்புக்கு லண்டன் விரைவிலேயே விலை கொடுத்தது. அதுவரை கட்டுப்பாட்டு அறையில் அழைப்பை எடுப்பவர் தாளில் எழுதுவார். தாள் நகரும் பட்டியில் போகும். பகுதியை நன்கு தெரிந்த ஒருவர் எந்த வண்டியை அனுப்புவது என்று தீர்மானிப்பார். 1992 ஒக்டோபர் 26 அன்று இதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தி, கணினியிடம் கொடுத்தார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்ற தகவல் பிழைத்தால் கணினியின் தெரிவும் பிழைத்தது. பிழைச் செய்திகள் குவிந்து, பழையவை திரையை விட்டு மேலே ஓடி மறைந்தன. வண்டி வராததால் சனங்கள் மறுபடி அழைத்தார்கள். அந்த அழைப்புகள் இன்னும் நெருக்கின. இரண்டே நாளில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். நவம்பர் 4இல் கணினி முற்றாக நின்றது. சில வாரங்களுக்கு முன் ஒரு சிறு திருத்தத்தின்போது நினைவகத்தை விடுவிக்காமல் விட்ட நிரல் அதற்குக் காரணம்.

விசாரணை அறிக்கை கணினியோடு நிற்கவில்லை. ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான அவநம்பிக்கையையும், வண்டியில் ஏறுபவர்களைச் சேர்க்காமல் அந்த ஏற்பாட்டை வடிவமைத்ததையும் அது சுட்டியது. பிறகு வந்த நிர்வாகம் அவசரப்படவில்லை. முதலில் வண்டிகளும் ஆட்களும். பிறகு, ஊழியரிடம் கேட்டுக் கேட்டு, சேவைக்குள்ளேயே கட்டிய புதிய கணினி 1996இல் வேலைக்கு வந்தது. தலைமைத்துவம் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்த நாலு வருடத்தை அதிகம் கவனிப்பதில்லை. அதில் வீரம் தெரிவதில்லை.

'பரமெடிக்' என்பது 2000ஆம் ஆண்டு முதல் அரச பதிவு தேவைப்படும் தொழில். பதிவில்லாதவர் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். 2018இல் மேற்பயிற்சி பெற்றவர்களுக்குத் தாமே மருந்து எழுதும் உரிமை வந்தது. 2021 முதல் புதிதாக வருபவர்களுக்குப் பட்டப்படிப்பே அடிப்படை. கிளார்க் சொன்ன சாரதிகள் ஒரு தலைமுறைக்குள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

நம்மவர் வீடுகளில் கிளார்க் இன்னும் அமைச்சராகத்தான் இருக்கிறார். பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்தால் கோயிலில் அர்ச்சனை. "பரமெடிக் படிக்கப் போறன்" என்றால், "அம்புலன்ஸ் ஓடவோ பிள்ளை?" என்ற கேள்வி. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் எங்கள் முதியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தமிழில் மட்டும் வலியைச் சொல்லும்போது, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வாசலில் வந்து நிற்பவர் அந்த மொழி தெரிந்தவராக இருந்தால் என்ன வித்தியாசம் என்பதை அந்த வீட்டாரே சொல்வார்கள்.

ஊரிலும் காலம் மாறியிருக்கிறது. நோயாளியைச் சைக்கிள் கரியரிலும் உழவு இயந்திரத்திலும் கொண்டுபோன நினைவு என் வயதுக்காரர் எல்லோருக்கும் உண்டு. இந்திய உதவியுடன் 2016இல் தென்னிலங்கையில் தொடங்கிய 'சுவசெரிய' சேவை 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதன் முதல் ஊழியர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றவர்கள். அழைக்க வேண்டிய இலக்கம் 1990. வடக்கில் அந்த இலக்கத்தைக் கேட்டால் முதலில் போரும், யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும்தான் நினைவுக்கு வரும்; அதை யாரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள்.

போன வருடம் என் சின்னம்மா மயங்கி விழுந்தபோது அயலட்டைப் பெடியன் ஒருவன் அந்த இலக்கத்துக்குத்தான் அடித்தான். பிறகு தொலைபேசியில் எனக்கு விவரம் சொன்னா: "ஒரு தம்பி வண்டி ஓடிக்கொண்டு வந்தவர். மற்றப் பிள்ளைதான் பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, ஊசி போட்டு, வழியெல்லாம் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தது. டொக்டரும் இல்லையாம், நேர்சும் இல்லையாம். அந்தப் பிள்ளையை என்னெண்டு சொல்லிறது தம்பி?"