காந்தளும் குறிஞ்சியும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே, அருவியாடிய மகளிர் பறித்துப் பாறைமீது குவித்த மலர்கள் 99 என்பர். அவ்வரிசையில் முதலிடம் பெறுவது செங்காந்தள். குறிஞ்சியும் அதனுள் அடங்கும். இரண்டும் மலைநிலத்துக்குரியன, முருகவேளுக்கு உகந்தன எனப் போற்றப்பட்டன. எனினும் இன்று அவற்றின் நிலை வெவ்வேறாகும். அதற்குரிய காரணம் அவ்விரண்டின் வாழ்க்கை முறையிலேயே அமைந்துள்ளது.

ஈழத்தவர் கார்த்திகைப்பூ எனவும், தமிழகத்து உழவர் கண்வலிக்கிழங்கு எனவும் வழங்கும் காந்தள், இலைநுனியையே பற்றுக்கம்பியாகக் கொண்டு படரும் கொடி. 1753 இல் லின்னேயசு அதற்கு 'குளோரியோசா சுப்பேர்பா' எனப் பெயரிட்டார். கொடி பட்டாலும் கிழங்கு மண்ணுள் உறங்கிக் கிடந்து, மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும். கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்சிசீன் கொடிய நஞ்சு. அளவறிந்து பயன்படுத்தின் முடக்குவலிக்கு மருந்து. இம்மருந்தின்பொருட்டுக் காட்டுக்கிழங்கை அகழ்ந்தமையாற் சிலவிடங்களில் இக்கொடி அருகியது. ஆயினும் ஆபிரிக்கா முதல் ஆசியா வரை பரந்து வளர்வதாலும், தமிழகத்தில் விதைக்காகப் பயிரிடப்படுவதாலும், உலக அளவில் அழிவச்சம் குறைந்த இனமாகவே அது கணிக்கப்படுகின்றது.

குறிஞ்சியின் கதை வேறு. தென்னிந்திய உயர்மலைப் புல்வெளிகளே அதன் உறைவிடம். 12 ஆண்டுகளுக்கொருமுறை மலைச்சரிவெங்கும் ஒருங்கே பூத்து, விதையுதிர்த்து, மடிந்துவிடும். அப்பூப்பைக் கொண்டே பளியர் தம் வயதைக் கணித்தனர். பதினோராம் ஆண்டிலே ஒரு சரிவு வெட்டித் திருத்தப்படின், அங்கு விதையும் இல்லை. அடுத்த தலைமுறையும் இல்லை. தேயிலைத் தோட்டங்களும், பின்னர் வந்த யூக்கலிப்டசுக் காடுகளும் அவ்வாறே அதன் நிலத்தைக் கவர்ந்தன. 2006 இல் மூணாறுக்கு அண்மையிற் கேரள அரசு குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. 2024 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனமாக வகுத்தது.

இம்மலரோடு ஈழத்துக்கும் ஓர் உறவுண்டு. கொடைக்கானலிலே குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936 இல் நிறுவியவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் ஆவர்.

காந்தளைக் காக்க அகழும் கையை அடக்குதல் போதும். தோட்டத்திற் பயிரிட்டும் அதனைப் பேணலாம். குறிஞ்சிக்கோ மலைநிலமே வேண்டும்; அந்நிலமும் இடையறாது 12 ஆண்டுகள் தீண்டப்படாதிருத்தல் வேண்டும். 2018 இற் பூத்த குறிஞ்சி உதிர்த்த விதையின் வழிவந்த செடிகள் 2030 இற் பூக்கவேண்டியன. அவை எத்துணைச் சரிவுகளிற் பூக்கும் என்பது, இடைப்பட்ட ஆண்டுகளில் மனிதர் அச்சரிவுகளை விட்டுவைப்பதையே பொறுத்ததாகும்.